மழை ஜாக்கெட் உள்ளே நனைகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

நீலகிரியில் மழை ஜாக்கெட்டுக்கு ஓய்வு கிடைக்கும் மாதங்கள் குறைவு. ஊட்டி, அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அது ஓயும் நேரத்தில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழை வந்துவிடும். இத்தனை உழைக்கிற துணியைப் பலர் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் துவைப்பதில்லை. "துவைச்சா வாட்டர்ப்ரூஃப் போயிடும்" என்ற நம்பிக்கை அவ்வளவு வேரூன்றிக் கிடக்கிறது. ஆனால் "ஒழுகுது" என்று மூலையில் போடப்படும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் மருந்தே ஒழுங்கான ஒரு துவையல்தான். நீர் விலக்கும் ஸ்ப்ரே வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஜாக்கெட்டின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வெளியே நைலான் அல்லது பாலியஸ்டர் துணி. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்விலக்கிப் பூச்சு. துணிக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வோ, பாலியூரிதேன் பூச்சோ இருக்கும். மழையை உண்மையில் நிறுத்துவது இந்த உள்ளடுக்குதான். 1976-இல் சந்தைக்கு வந்த கோர்-டெக்ஸ் இந்தச் சவ்வு வகை. விலை குறைந்த ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சு வகை. தையல் ஊசி போட்ட துளைகளை மறைக்க உள்ளே டேப் ஒட்டியிருப்பார்கள்.

சரி, உள்ளடுக்கே மழையை நிறுத்திவிடும் என்றால் வெளிப்பூச்சு எதற்கு? வெளித்துணி ஊறாமல் பார்த்துக்கொள்ள. துணி ஊறிவிட்டால் உடம்பின் ஆவி வெளியேற வழியில்லை. அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிச் சட்டையை நனைக்கும். போட்டிருப்பவருக்கு அது மழை ஒழுகுவது போலவே தோன்றும்.

ஆகவே எதையும் செய்வதற்கு முன் ஒரு சோதனை. காய்ந்த ஜாக்கெட்டை மேசைமேல் விரித்து, கையால் தண்ணீர் தெளியுங்கள். தோள், மார்பு, முதுகு, கைமடிப்பு, கழுத்து என ஒவ்வோர் இடத்திலும் தெளித்து இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். சேம்பு இலைமேல் விழுந்த மழைபோல முத்துமுத்தாக உருண்டால் வெளிப்பூச்சு நன்றாக இருக்கிறது. பரவி, துணி கறுத்துவிட்டால் அந்த இடத்தில் பூச்சு வேலை செய்யவில்லை. பிறகு உள்பக்கத்தைத் திருப்பி, தையல் டேப்பையும் உட்பூச்சையும் விரலால் தடவிப் பாருங்கள். உரிகிறதா, ஒட்டுகிறதா, டேப்பின் ஓரம் தூக்குகிறதா? இவ்வளவு பார்த்துவிட்டால் கீழே உள்ளவற்றில் உங்கள் கோளாறு எது என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் உருளாமல் துணி கறுத்து ஊறுகிறது

இதுதான் பரவலான கோளாறு. அழுக்கு, எண்ணெய், அடுப்புப் புகை, வண்டிப் புகை எல்லாம் துணிமேல் படியும்போது பூச்சு மூடிப்போகிறது. பெரும்பாலும் பூச்சு அழிந்திருக்காது, அடியில் புதைந்திருக்கும்.

துவைக்கும் முறை இதுதான். பைகளைக் காலி செய்யுங்கள். ஜிப் எல்லாவற்றையும் மூடி, வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். திறந்த வெல்க்ரோவின் முள் பக்கம் துணியைப் பிராண்டிவிடும். ஒரு பெரிய வாளியிலோ டப்பிலோ கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர். லேபிளில் வேறு சொல்லாவிட்டால் 30-இலிருந்து 40 டிகிரி வரை போதும். தூள் சோப்பு வேண்டாம், அதன் படிவு துணியில் தங்கிவிடும். இந்த வகைத் துணிக்கென்றே நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்றவர்கள் திரவம் விற்கிறார்கள், ஆன்லைனில் வாங்கலாம். அது கிடைக்கும்வரை மென்மையான திரவ சோப்பு கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக. கண்டிஷனர் கலந்த திரவமாக இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். கழுத்துப் பட்டையையும் கைமடிப்பையும் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். துவைகல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் சவ்வைத் துணியிலிருந்து பிரித்துவிடும்.

அலசுவதில்தான் பொறுமை வேண்டும். மலைத் தண்ணீர் மென்மையானது; சோப்பு கொஞ்சம் போட்டாலும் நுரை பொங்கும், லேசில் போகாது. மூன்று நான்கு தண்ணீர் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் ஜாக்கெட்டை அமுக்கினால் ஒரு குமிழிகூட வரக் கூடாது.

வாஷிங் மெஷினில் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முன்பக்கம் திறக்கும் மெஷினில், லேபிள் அனுமதித்தால், மென்மையான ஓட்டத்தில் போடலாம். மேலே திறக்கும் மெஷினில் போட்டுச் சுழலவிடாதீர்கள். நீர் புகாத துணி பை மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வேகமாகச் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து மெஷினே குதிக்க ஆரம்பித்துவிடும், உடைந்துபோகவும் வாய்ப்புண்டு. கையால் துவைப்பதே இங்கே நல்லது.

அப்புறம் சூடு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துவைத்துக் காய்ந்த பூச்சுக்கு மிதமான சூடு காட்டினால் அது மறுபடி விழித்துக்கொள்ளும். ட்ரையர் இருந்தால், லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் (ட்ரையரில் போடலாம் என்ற குறி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காய்ந்த ஜாக்கெட்டைக் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். நம் வீடுகளில் ட்ரையர் அரிது; இஸ்திரிப் பெட்டி போதும். பெட்டியின் திருகில் ஒற்றைப் புள்ளி போட்ட குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், மேலே ஒரு பருத்தித் துண்டு விரித்து வெளிப்பக்கத்தைத் தேயுங்கள். ஜிப், ரப்பர் எழுத்து, உள்ளே ஒட்டிய டேப் இவற்றின்மேல் பெட்டியை நேரடியாக வைக்கக் கூடாது. கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் கடையில் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. முடி உலர்த்தும் ட்ரையரும் உதவும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஜாக்கெட் காயவில்லை என்று கணப்புப் பக்கத்தில் தொங்கவிடுவதைப் பார்க்கிறேன். நைலான் ஒரு பொறிக்கே உருகிவிடும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: துணி காயவைக்கவோ குளிர்காயவோ மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜாக்கெட் இரண்டு நாள் ஈரமாகத் தொங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. காற்றோட்டமான வராந்தாவில், அகலமான ஹேங்கரில், அவ்வப்போது உள்ளும் புறமும் திருப்பிப் போட்டால் மூடுபனியிலும் காய்ந்துவிடும்.

இப்போது மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டால் வேலை முடிந்தது, ஸ்ப்ரே வாங்கும் காசு மிச்சம். துவைத்துச் சூடு காட்டியும் உருளவில்லை என்றால் மட்டுமே புதுப் பூச்சு.

பூச்சில் இரண்டு வகை. தண்ணீரில் கலந்து முக்குவது ஒன்று, மேலே தெளிப்பது இன்னொன்று. உள்ளே வலையோ லைனிங்கோ உள்ள ஜாக்கெட்டுக்குத் தெளிப்பதுதான் சரி. முக்கினால் லைனிங்கும் நீரை விலக்கத் தொடங்கி, வியர்வையை உறிஞ்சாமல் விட்டுவிடும். லைனிங் இல்லாத மழைக் காற்சட்டை, பை உறைக்கு முக்குவது சுலபம். தெளிப்பதானால் துவைத்த ஈரத்தோடு ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து சீராக அடியுங்கள். தோள், தொப்பி, கையின் மேல்பக்கம் இவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வழிந்து தேங்கியதை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும். சில திரவங்களுக்குப் பிறகு சூடு வேண்டும், சிலவற்றுக்குத் தேவையில்லை. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். அழுக்குத் துணிமேல் மட்டும் ஒருபோதும் அடிக்க வேண்டாம். பூச்சு அழுக்கோடு ஒட்டிக்கொண்டு, அழுக்கோடேயே உதிர்ந்துவிடும்.

மெழுகுவர்த்தி தேய்ப்பது, காருக்குப் போடும் பாலிஷ் பூசுவது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். மெழுகு கெட்டியான பருத்தித் துணிக்குச் சரி. சவ்வு உள்ள ஜாக்கெட்டில் தேய்த்தால் ஆவி போகும் வழியையே அடைத்துவிடும்.

துவைத்த பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது

துணி மென்மையாக்கும் திரவம் போட்டிருப்பீர்கள், அல்லது சோப்பு முழுசாக அலசப்படவில்லை. மென்மையாக்கி இழைகள்மேல் ஒரு படலமாகப் படிந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். வேறு துணிக்குப் போட்ட மிச்சம் மெஷினின் திரவப் பெட்டியில் இருந்தாலே போதும், அதையும் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். சோப்பே போடாமல் வெதுவெதுப்பான நீரில் பலமுறை அலசிப் பாருங்கள். நுரை வருவது நின்றபின் சூடு, பிறகு சோதனை. ப்ளீச் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பூச்சும் நிறமும் சேர்ந்து போய்விடும்.

கழுத்திலும் கைமடிப்பிலும் மட்டும் ஊறுகிறது

எண்ணெய்தான் காரணம். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீன், மழைக்காலச் சோலையில் அட்டைக்காகக் காலில் தடவும் வேப்பெண்ணெய், அதே கையால் இழுத்துவிடும் கைமடிப்பு.

புது ஜாக்கெட்டுகளில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். பழைய பூச்சுகளில் இருந்த ஃப்ளோரின் சேர்மங்கள் தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கின. அவை மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் சிதையாமல் தங்குவதால் உலகம் அவற்றைக் கைவிட்டுவருகிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான உடைகளில் அவற்றுக்குத் தடை. இப்போது வரும் பூச்சுகள் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. நல்ல மாற்றம்தான், நம் ஓடைகளுக்கும் அதுவே நல்லது. பதிலுக்கு நாம் கொஞ்சம் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதிகளில் மட்டும் திரவ சோப்பைத் தொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து முழு ஜாக்கெட்டையும் துவையுங்கள்.

சளிக்காகக் காலரில் நீலகிரித் தைலம் தெளித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், உள்ளே போட்டிருக்கும் மஃப்ளரில் தெளித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் பசையைக் கரைக்க உதவுகிற எண்ணெய் அது. பசையால் ஒட்டிய தையல் டேப் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

வெளியே முத்துமுத்தாக உருள்கிறது, உள்ளே சட்டை ஈரம்

பெரும்பாலும் இது உங்கள் வியர்வை. ஜாக்கெட்டில் குறை இல்லை.

ஆவி உள்ளிருந்து வெளியேற வேண்டுமானால், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட வறண்டிருக்க வேண்டும். நம் மூடுபனியில் காற்றே தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஆவி வெளியேற்றும் திறன் என்று லேபிளில் எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும், ஜூலை மாதத்து அவலாஞ்சியில் மேடேறும் ஒருவரின் வியர்வையை எந்தச் சவ்வும் முழுதாக வெளியேற்றாது. விலை கூடிய ஜாக்கெட் வாங்கினால் இது தீரும் என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள்.

தீர்வு போடும் முறையில் இருக்கிறது. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், அது ஊறியபடியே உடம்போடு ஒட்டிக்கிடக்கும். மெல்லிய பாலியஸ்டர் அல்லது கம்பளிச் சட்டை போடுங்கள். மேடு ஏறும் முன்பே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். அக்குளில் ஜிப் இருந்தால் திறந்துவிடுங்கள். தூறல் மட்டும்தான் என்றால் ஜாக்கெட்டைக் கழற்றிக் குடை பிடிப்பதே மேல். பைக் ஓட்டுபவர்களுக்கு வேறு கதை: எதிர்க்காற்று மழையைக் கழுத்து வழியாகவும் கைமடிப்பு வழியாகவும் உள்ளே தள்ளும். கையுறையை ஜாக்கெட் கைக்கு உள்ளே விட்டு, வெல்க்ரோவை இறுக்குங்கள். கழுத்தில் மஃப்ளரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரிபோலத் தண்ணீரை இழுத்து மார்பில் விடும், அதையும் உள்ளே செருகுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? சந்தேகப்படும் இடத்தை வெளிப்பக்கம் மேலாக ஒரு வாளியின் வாய்மேல் குழியாக விரித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் துளி அரும்பினால் உண்மையான ஒழுக்கு. அரும்பாவிட்டால் ஜாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது.

தோளிலும் முதுகிலும் மட்டும் நனைகிறது

முதுகுப் பையின் பட்டை உரசும் இடங்கள். அங்கே பூச்சு தேய்ந்துபோவது இயல்பு. துவைத்துவிட்டு அந்த இடங்களில் மட்டும் ஸ்ப்ரே அடித்தால் போதும். வாளிச் சோதனையில் அதே இடம் ஒழுகினால் உள்ளடுக்கே தேய்ந்துவிட்டது என்று பொருள், அதற்கு ஸ்ப்ரே உதவாது.

ஒரு கோடாக, அல்லது ஒரு புள்ளியில் ஒழுகுகிறது

கோடு என்றால் தையல் டேப். புள்ளி என்றால் முள். உண்ணிச்செடிப் புதரில் ஒருமுறை நுழைந்து வந்தாலே போதும்.

டேப்பின் ஓரம் மட்டும் தூக்கியிருந்தால், அடியில் உள்ள அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கை கழுவும் ஜெல் கூடாது, அதிலுள்ள பிசுக்கு ஒட்டவிடாது. டேப்பைப் படிய வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் சில விநாடி அழுத்துங்கள். ஆறும்வரை கையை எடுக்காமல் துணியால் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும், ஒட்டுவது ஆறும்போதுதான். டேப் நொறுங்கிப் போயிருந்தால் அதை உரித்தெடுத்துவிட்டு, தையலுக்கென்று டியூபில் வரும் சீலரை மெல்லிய ஒரு கோடாகப் பூசி, ஓர் இரவு காயவிடுங்கள். உடனே ஒட்டும் சூப்பர் பசை கண்ணாடிபோல் இறுகி, மடக்கும்போது வெடித்துவிடும்.

முள் துளைக்கு ஒட்டும் நைலான் துண்டு கிடைக்கிறது. மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் ஓரம் தூக்காது. தையல்காரரிடம் கொண்டுபோனால் அவர் அன்போடு அழகாகத் தைத்துக் கொடுப்பார், ஆனால் ஊசி போட்ட ஒவ்வோர் இடமும் புது ஓட்டை. தைத்தே ஆக வேண்டிய பெரிய கிழிசல் என்றால், தைத்தபின் உள்பக்கம் சீலர் பூசிவிடுங்கள்.

பூசண வாடை, கறுப்புப் புள்ளிகள்

ஈரத்தோடு மடித்து வண்டி டிக்கியிலோ பிளாஸ்டிக் கவரிலோ வைத்தால் வருவது. மேலே சொன்னபடி துவைத்து, முழுக்கக் காயவிட்டால் வாடை போய்விடும். கறை தங்கலாம், மழையைத் தடுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வெயில் கிடைத்தால் ஒரு மணி நேரம் போதும். நாள்கணக்கில் வெயிலில் தொங்கினால் நைலான் இற்றுவிடும்.

உள்பக்கம் பிசுபிசுக்கிறது, வெள்ளைத் தூளாக அல்லது தோலாக உதிர்கிறது

இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. பாலியூரிதேன் பூச்சு பல வருஷம் ஈரக்காற்றைக் குடித்துச் சிதைந்துவிட்டது. துவைத்ததால் வந்ததல்ல, துவைத்தபோது வெளியே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். மேலே எத்தனை ஸ்ப்ரே அடித்தாலும் நிற்காது. தோட்ட வேலைக்கும் காற்றுத் தடுப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். ஜிப், பக்கிள், வெல்க்ரோவை வெட்டி எடுத்து வைத்தால் அடுத்த ஜாக்கெட்டுக்கு உதவும். நாள் முழுக்க மழையில் நிற்க வேண்டிய வேலைக்கும் நீண்ட நடைக்கும் மட்டும் அதை நம்பிப் போகாதீர்கள். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பத்து டிகிரிக் குளிரிலேயே உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்; நடுக்கம் நிற்காமல் பேச்சு குளறுவது அதன் அடையாளம்.

புதிதாக வாங்கும் ஜாக்கெட்டுக்கு இந்தச் சிதைவைத் தள்ளிப்போட ஒரே வழி, காய்ந்த நிலையில் அலமாரியில் தொங்கவிட்டு வைப்பது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் மே மாத வெயிலில் ஒரு துவையல் போட்டுவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குச் செப்டம்பரில் வரும் இடைவெளி வசதி.